வெப்பநிலை மாற்றத்தை அறிக்கையில் துல்லியமாக எழுதுவது: முழுமையான வழிகாட்டி

"மதியம் ஆக ஆகத் தகரக் கூரை வீட்டில் சூடு மிகவும் அதிகமாகிவிட்டது."

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிற்றூர்களில் பள்ளி அறிவியல் விழாவுக்கு, வெவ்வேறு கூரை பொருத்திய பெட்டிகளை வெயிலில் வைத்துக் கூரைச் சோதனை செய்தால், அறிக்கையில் முதலில் வந்து விழும் வாக்கியம் இதுதான். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் வளர்ந்தவருக்கு இதன் பொருள் உடம்பிலேயே தெரியும். ஆனால் அந்தச் சோதனையை மறுபடி செய்து பார்க்க நினைப்பவருக்கு இதில் ஒன்றும் இல்லை. எதன் சூடு, எத்தனை மணிக்கு, எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு, எந்தக் கருவியில் பார்த்தது? வாசகர் உங்கள் வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டு வரைபடத்தைத் திரும்ப வரைய முடிய வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான். தொடக்கப்பள்ளி மாணவர், எஸ்பிஎம் (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) மாணவர், செம்பனை எண்ணெய் ஆலை ஆய்வுக்கூடத்தில் பதிவேடு எழுதுபவர் என எல்லாருக்கும் இவை பொருந்தும். துல்லியம் வேண்டுமென்றால் மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ போகத்தான் வேண்டும் என்ற நினைப்பு தேவையில்லை. தமிழின் வேற்றுமை உருபுகளே இந்த வேலைக்கு மிக நல்ல கருவி.

படி 1: எதன் வெப்பநிலை என்று முதலில் எழுதுங்கள்

"வெப்பநிலை உயர்ந்தது" என்று தொடங்கும் வாக்கியத்தில் எழுவாய் பாதிதான் இருக்கிறது. கூரைத் தகட்டின் வெப்பநிலையா, கூரைக்குக் கீழுள்ள காற்றின் வெப்பநிலையா, சுவரின் வெப்பநிலையா? ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இந்த மூன்றும் வெவ்வேறாக இருக்கும்.

செம்பனை ஆலையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பழக்குலைகளை நீராவியில் வேக வைக்கும் ஸ்டெரிலைசரில் நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 3 பார், வெப்பநிலை ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ். பதிவேட்டில் "பழம் 140 பாகையில் வேக வைக்கப்பட்டது" என்று எழுதினால் அது பிழை. மானி காட்டுவது நீராவியின் வெப்பநிலையை. குலையின் நடுப்பகுதி அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். எண்ணெயில் கொழுப்பமிலத்தைப் பெருக்கும் நொதியை முடக்குவதும், காய்களைக் குலையிலிருந்து தளர்த்துவதும்தான் இந்த வேலையின் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியதா என்பது குலைக்குள் எட்டிய வெப்பநிலையையும், அது நீடித்த நேரத்தையும் பொறுத்தது. ஆகவே "கலத்தின் நீராவி வெப்பநிலை 140 பாகை செல்சியஸில் 75 நிமிடம் வைக்கப்பட்டது" என்று எழுதுங்கள். குலைக்குள் அளந்திருந்தால் அதைத் தனி வாக்கியமாக எழுதுங்கள். அளக்கவில்லை என்றால் அதைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்.

காற்றின் வெப்பநிலை என்றால் உயரத்தையும் நிழலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வானிலை நிலையங்கள் காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் அளக்கின்றன. வெயிலில் பிடித்த வெப்பமானி காற்றின் வெப்பநிலையைக் காட்டாது. வெயில் வாங்கிய தன் குமிழின் வெப்பநிலையைத்தான் காட்டும். கைப்பேசிச் செயலி தரும் "உணரப்படும் வெப்பநிலை" ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட எண். அதை அளவீடாக அறிக்கையில் எழுதக்கூடாது.

படி 2: வெப்பம், வெப்பநிலை, சூடு ஆகியவற்றைப் பிரித்து வையுங்கள்

வெப்பம் என்பது ஆற்றல், அதன் அலகு ஜூல். வெப்பநிலை என்பது ஒரு பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதன் அளவு, அதன் அலகு பாகை செல்சியஸ் அல்லது கெல்வின். "வெப்பம் 35 பாகை" என்பது "எடை 35 லிட்டர்" என்று சொல்வதைப் போன்றது.

இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு குவளை ஐஸ்கட்டி போதும். ஐஸும் நீரும் கலந்திருக்கும்போது மெல்லச் சூடாக்கிக் கலக்கிக்கொண்டே இருந்தால், ஐஸ் முழுவதும் உருகும்வரை வெப்பமானி 0 பாகையை ஒட்டியே நிற்கும். வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, வெப்பநிலை உயரவில்லை. பள்ளியில் மாற்றமைவு (எண்கள் மாறும் போக்கு) எழுதப் பழகிய "நேரம் அதிகரிக்க அதிகரிக்க வெப்பநிலை அதிகரிக்கிறது" என்ற அச்சு இங்கே பொய்த்துவிடும். அந்த அச்சு வாக்கியத்தை எழுதுமுன் அட்டவணையை ஒருமுறை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். ஓரிடத்தில் எண் நின்றிருந்தாலோ இறங்கியிருந்தாலோ அந்த இடத்தைத் தனியாக எழுதுங்கள்.

வினைச்சொல்லும் பொருந்த வேண்டும். நீர் சூடாகும், வெப்பநிலை உயரும். நீர் குளிரும், வெப்பநிலை தாழும். "வெப்பநிலை சூடானது", "குளிர்ந்த வெப்பநிலை" என்பவை பேச்சில் கடந்து போய்விடும். அறிக்கையில் "தாழ்ந்த வெப்பநிலை" என்றே எழுதுங்கள். "சூடு" என்ற சொல்லை அறிக்கைக்குள் விடாமலிருப்பது நல்லது. அது தொடுகையில் உணர்வது. வெயிலில் நன்கு சூடேறிய தகரத்தையும் பலகையையும் தொட்டால் இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் தகரம்தான் கூடுதலாகச் சுடும், ஏனென்றால் அது வெப்பத்தை விரைவாகக் கைக்குக் கடத்துகிறது.

படி 3: உருபைக் கவனியுங்கள்

பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன. 30 பாகையில் இருந்த நீர் 35 பாகையை அடைந்தது என்று வைத்துக்கொள்வோம்.

"5 பாகை உயர்ந்தது" என்பது மாற்றத்தின் அளவு.
"35 பாகைக்கு உயர்ந்தது", "35 பாகையாக உயர்ந்தது" என்பவை முடிவு நிலை.
"35 பாகை வரை உயர்ந்தது" என்றால் எட்டிய உச்சம் 35. பிறகு இறங்கியிருக்கவும் கூடும்.
"35 பாகையைத் தாண்டியது" என்றால் 35க்கு மேல் போனது, எவ்வளவு என்று சொல்லவில்லை.

உருபு விழுந்து "35 பாகை உயர்ந்தது" என்று ஆகிவிட்டால் நீர் 65 பாகையை எட்டிவிட்டதாகப் பொருள். அவசரத்தில் தட்டச்சு செய்யும்போது அந்த ஒரு "க்கு" காணாமல் போவது எளிது. பாதுகாப்பான வடிவம் தொடக்கம், முடிவு, வேறுபாடு மூன்றையும் கொடுப்பது: "நீரின் வெப்பநிலை 30 பாகையிலிருந்து 35 பாகைக்கு, அதாவது 5 பாகை, உயர்ந்தது." ஓர் எண் பிழையாக இருந்தாலும் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

"28 பாகையிலிருந்து 34 பாகை வரை இருந்தது" என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏறியதா, இரண்டுக்கும் நடுவே அலைந்ததா? அலைந்தது என்றால் "28க்கும் 34க்கும் இடையே ஏற்ற இறக்கமாக இருந்தது, வீச்சு 6 பாகை" என்று எழுதுங்கள். "மாறியது" என்ற சொல் திசையைச் சொல்லாது. திசை தெரிந்திருந்தால் உயர்ந்தது, தாழ்ந்தது என்றே எழுத வேண்டும்.

வினைமுற்றின் வடிவத்துக்கும் வேலை உண்டு. "உயர்ந்துகொண்டே இருந்தது" என்று எழுத வேண்டுமானால் நடுவில் பல வாசிப்புகள் எடுத்து, ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். காலை 10 மணிக்கு ஒன்று, பிற்பகல் 2 மணிக்கு ஒன்று என்று இரண்டே வாசிப்பு எடுத்தவர் எழுதக்கூடியது "2 மணிக்கு 12.5 பாகை உயர்ந்திருந்தது" என்பதுதான். நடுவில் மேகம் மூடி இறங்கி மறுபடி ஏறியதா என்று அவருக்குத் தெரியாது. "உயர்ந்திருந்தது" என்ற சொல் அந்த இடைவெளியை நேர்மையாக விட்டுவைக்கிறது. இந்த நுணுக்கம் ஒரே சொல்லில் தமிழில் கிடைக்கிறது, பயன்படுத்துங்கள்.

"குறைந்தது" என்ற சொல்லிடம் தனி எச்சரிக்கை வேண்டும். "வெப்பநிலை குறைந்தது 5 பாகை மாறியது" என்பதில் அது "குறைந்தபட்சம்" என்ற பொருளில் நிற்கிறது. "வெப்பநிலை குறைந்தது" என்பதில் இறங்கியது என்ற பொருள். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். ஒரு வழக்கத்தை வகுத்துக்கொள்ளுங்கள்: இறக்கத்துக்குத் "தாழ்ந்தது" அல்லது "இறங்கியது", எல்லைக்குக் "குறைந்தபட்சம்". இதைப் போலவே "அதிக வெப்பநிலை மாற்றம்" என்பதில் அதிகமானது வெப்பநிலையா மாற்றமா? "வெப்பநிலையில் ஏற்பட்ட பெரிய மாற்றம்" என்று பிரித்து எழுதினால் ஐயம் தீர்ந்துவிடும்.

படி 4: வேகத்துக்கு எண் கொடுங்கள்

வேகமாக, மெதுவாக, சட்டென்று, படிப்படியாக, சீராக. இவற்றில் "சீராக" மட்டும் கணக்கில் சரிபார்க்கக்கூடிய சொல்: ஒரே கால அளவில் ஒரே அளவு மாற்றம் என்று பொருள். அதனால்தான் அதைத் தவறாகப் பயன்படுத்தினால் உடனே பிடிபடும்.

எடுத்துக்காட்டாக, 29 பாகை அறையில் மூடாமல் வைத்த ஒரு குவளைக் கோப்பியை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 85 பாகை. 5ஆம் நிமிடம் 74. 10ஆம் நிமிடம் 66. 15ஆம் நிமிடம் 60. 20ஆம் நிமிடம் 55.5. இருபது நிமிடத்தில் 29.5 பாகை இறக்கம். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.5 பாகை. "கோப்பி நிமிடத்துக்கு 1.5 பாகை வீதம் சீராகக் குளிர்ந்தது" என்று எழுதினால் கணக்கு சரி, வாக்கியம் தவறு. முதல் 5 நிமிடத்தில் நிமிடத்துக்கு 2.2 பாகை இறங்கியது. கடைசி 5 நிமிடத்தில் 0.9 பாகைதான். பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு பெரிதாக இருக்கும்போது வெப்பம் வேகமாக வெளியேறும். வேறுபாடு சுருங்கச் சுருங்க வேகமும் தணியும். திறந்த குவளையில் தொடக்கத்தில் ஆவியாதலும் சேர்ந்து இறக்கத்தை விரைவுபடுத்தும்.

சரியான வாக்கியம்: "முதல் 5 நிமிடத்தில் சராசரியாக நிமிடத்துக்கு 2.2 பாகையும், கடைசி 5 நிமிடத்தில் 0.9 பாகையும் தாழ்ந்தது; குளிரும் வீதம் நேரத்தோடு தணிந்தது." "வீதம்" தாழ்வதையும் "வெப்பநிலை" தாழ்வதையும் கலந்துவிடாதீர்கள். வீதம் தணிந்தாலும் வெப்பநிலை இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அறை வெப்பநிலையையும் எண்ணில் எழுதுங்கள். பாடநூலில் "அறை வெப்பநிலை" என்றால் பெரும்பாலும் 25 பாகை. குளிர்சாதனம் இல்லாத நம் ஊர் வகுப்பறையில் பகலில் அது 30ஐ ஒட்டியே இருக்கும்.

படி 5: கருவி தாங்கும் அளவுக்கே பேசுங்கள்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சிவப்பு ஆல்கஹால் வெப்பமானியில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 1 பாகை. அதில் ஒரு வாசிப்பு ±0.5 பாகை வரை பிசகலாம். இரண்டு வாசிப்புகளைக் கழித்து வேறுபாடு எடுக்கும்போது இரண்டின் பிசகும் சேரும், மிஞ்சிப் போனால் ±1 பாகை. ஆகவே 31இலிருந்து 32க்கு வந்ததை "உயர்ந்தது" என்று அடித்துச் சொல்ல முடியாது. "வெப்பமானியின் துல்லியத்துக்குள் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை" என்பதே சரி. "மாறவில்லை" என்பதும் "மாற்றம் காணப்படவில்லை" என்பதும் ஒன்றல்ல. முன்னது இயற்கையைப் பற்றிய கூற்று, பின்னது உங்கள் அளவீட்டைப் பற்றிய கூற்று.

எண்திரைக் கருவியில் இன்னொரு பொறி இருக்கிறது. திரையில் 31.4 என்று காட்டுவதால் 0.1 பாகை வரை நம்பலாம் என்று பொருளில்லை. மாணவர் திட்டங்களில் அதிகம் காணும் டிஎச்டி11 என்ற மின்னணு வெப்பநிலை உணரியின் பிசகு ±2 பாகை. டிஎஸ்18பி20 உணரி, −10 முதல் 85 பாகை வரையிலான எல்லைக்குள் ±0.5 பாகை, ஆனால் அது 0.0625 பாகைப் படிகளில் எண் காட்டும். நான்கு தசம இடங்களையும் அட்டவணையில் அப்படியே இறக்கிவிடாதீர்கள், ஓர் இடம் போதும்.

ஒரே கருவியால் முன்னும் பின்னும் அளந்தால், அது எப்போதும் ஒரே அளவு கூட்டிக் காட்டினாலும் கழிக்கும்போது அந்தப் பிழை நீங்கிவிடும். இரண்டு பெட்டிகளில் இரண்டு கருவிகள் என்றால் நீங்காது. சோதனைக்கு முன் இரண்டையும் ஒரே நிழலில் அருகருகே 15 நிமிடம் வைத்து வாசியுங்கள். வேறுபாடு இருந்தால் அதைக் குறித்து, முடிவுகளில் கழித்து, அப்படிக் கழித்ததை அறிக்கையிலும் எழுதுங்கள்.

கோவிட் காலத்தில் வீடுவீடாக வந்து சேர்ந்த துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியைத் தகரக் கூரை மேல் நீட்டினால் ஏமாற்றம்தான். அது உடல் வெப்பநிலைக்கென்றே செய்ததாக இருந்தால் கூரையின் சூட்டை அதனால் அளக்கவே முடியாது. தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் வகை பெரும்பாலும் 0.95 என்ற உமிழ்திறனுக்கு (பரப்பு தன் வெப்பத்தைக் கதிராக வெளிவிடும் திறனுக்கு) அமைக்கப்பட்டிருக்கும். பளபளக்கும் புதுத் தகரத்தின் உமிழ்திறன் அதைவிட மிகத் தாழ்ந்தது. கருவி தகரத்தை விட்டுவிட்டுத் தகரத்தில் பிரதிபலிக்கும் வானத்தைப் படிக்கும். சுட்டெரிக்கும் கூரை 30 பாகைக்குக் கீழ் என்றுகூடக் காட்டக்கூடும். தகரத்தில் ஒரு துண்டுக் கறுப்பு மின்நாடாவை ஒட்டி, சில நிமிடம் விட்டு, நாடாவின் மேல் வாசியுங்கள். அறிக்கையில் "கறுப்பு நாடா ஒட்டிய பரப்பில் அளக்கப்பட்டது" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: மடங்கு, விழுக்காடு, அலகு

20 பாகை செல்சியஸ் 40 ஆனால் "இரு மடங்கு" என்று எழுதக்கூடாது. செல்சியஸின் சுழியம் நீரின் உறைநிலையில் வைத்தது, வெப்பநிலையின் உண்மையான சுழியம் அல்ல. கெல்வினில் அது 293.15இலிருந்து 313.15, ஏறத்தாழ 7 விழுக்காடுதான் கூடுதல். "வெப்பநிலை 10 விழுக்காடு உயர்ந்தது" என்ற கூற்றும் இதே காரணத்தால் பொருளற்றது. ஆனால் மாற்றங்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். ஒரு பெட்டியில் 12.5 பாகை உயர்வு, மற்றதில் 7.0 பாகை உயர்வு என்றால் "முதல் பெட்டியின் உயர்வு இரண்டாவதைப் போல் 1.8 மடங்கு" என்பது சரி. "ஒரு மடங்கு அதிகரித்தது" என்பதை மட்டும் எங்கும் எழுதாதீர்கள். அதை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எடுத்துக்கொள்வார்.

மாற்றத்தைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றும்போது 32ஐக் கூட்டக்கூடாது. 1.5 பாகை செல்சியஸ் உயர்வு என்பது 2.7 பாகை பாரன்ஹீட் உயர்வு. 34.7 என்று எழுதுபவர், நிலையை மாற்றும் சூத்திரத்தை வேறுபாட்டுக்குப் போட்டுவிட்டார். கெல்வினில் வேறுபாட்டின் எண் மாறாது: 5 பாகை செல்சியஸ் உயர்வு 5 கெல்வின் உயர்வுதான். கெல்வினுக்கு முன் "பாகை" வராது. 1967-68இல் கூடிய எடை, அளவைகளுக்கான 13ஆவது பொது மாநாடு அதை நீக்கிவிட்டது. "சென்டிகிரேட்" என்ற பெயர் 1948இலேயே செல்சியஸ் ஆயிற்று. எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுங்கள்.

படி 7: காரணத்தைத் தனியே வையுங்கள்

"வெப்பநிலை உயர்ந்ததால் பால் குறைந்தது." ரப்பர்த் தோட்டத்தில் எவரும் மறுக்காத வாக்கியம். விடியுமுன் பால் எடுக்க மரம் வெட்டப் போவதற்கே அதுதான் காரணம் என்பார்கள். ஆனால் வெயில் ஏறும்போது வெப்பநிலை மட்டும் உயர்வதில்லை. காற்றின் ஈரப்பதம் தாழ்கிறது, இலைகள் நீரை அதிகம் இழக்கின்றன, அதனால் மரப்பட்டையில் பால்குழாய்களின் அழுத்தம் தணிகிறது. பால் ஒழுகுவது இந்த அழுத்தத்தால். நீங்கள் அளந்தவை காற்றின் வெப்பநிலையும் கோப்பையில் விழுந்த பாலின் அளவும் மட்டும் என்றால், கண்டதை எழுதும் உற்றறிதல் பகுதியில் இப்படி எழுதுங்கள்: "காற்றின் வெப்பநிலை 24இலிருந்து 31 பாகைக்கு உயர்ந்த அதே வேளையில் பாலின் அளவு குறைந்தது." "-ஆல்" என்ற உருபை, காரணத்தை எழுதும் ஊகித்தல் பகுதிக்கு ஒதுக்கி வையுங்கள். "உயர்ந்த அதே வேளையில்", "உயர்ந்தபோது", "உயர்ந்ததைத் தொடர்ந்து", "உயர்ந்ததால்" என்று நான்கு படிகள் இருக்கின்றன. உங்கள் சான்று எந்தப் படி வரை எட்டுகிறதோ அங்கேயே நில்லுங்கள்.

வானிலைச் சொற்களில் கூடுதல் கவனம்

"வெப்ப அலை" என்பது வெறும் கடும் வெயில் அல்ல. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் வரையறையில் ஓரிடத்தின் அன்றாட உச்ச வெப்பநிலை தொடர்ந்து குறைந்தபட்சம் 3 நாள் 37 பாகைக்கு மேல் 40 பாகை வரை இருந்தால்தான் அந்தப் பெயர். 35 முதல் 37 வரை எச்சரிக்கை நிலை. 40ஐத் தாண்டினால் கடும் நிலை. ஒரே ஒரு நாள் 36 பாகை வந்ததற்கு "வெப்ப அலை வீசியது" என்று எழுதினால் அறிக்கையின் நம்பகம் போய்விடும்.

"மிக உயர்ந்த" என்று எழுதினால் எந்தப் பதிவுகளுக்குள் என்பதும் வேண்டும். மலேசியாவின் உச்சப் பதிவு, 9 ஏப்ரல் 1998 அன்று பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 பாகை. தாழ்ந்த பதிவு, 1 பிப்ரவரி 1978 அன்று கேமரன் மலையில் 7.8 பாகை. உங்கள் இரண்டு வாரப் பதிவில் வந்த உச்சம் "பதிவுக் காலத்தின் உச்சம்" மட்டுமே. "வழக்கத்தைவிட 2 பாகை கூடுதல்" என்று எழுதினால் வழக்கம் எது என்று சொல்லுங்கள். காலநிலை ஆய்வில் அது பொதுவாக 30 ஆண்டுச் சராசரி.

கடைசியாக, முதல் வாக்கியத்தைத் திருத்தி எழுதுதல்

எடுத்துக்காட்டு எண்களைக் கொண்டு இப்படி எழுதலாம்:

"தகரக் கூரை, ஓட்டுக் கூரை ஆகியவை பொருத்திய ஒரே அளவுள்ள இரு பெட்டிகளின் உட்காற்று வெப்பநிலை, பெட்டியின் அடியிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில், வெயில் படாதவாறு வைத்த ஆல்கஹால் வெப்பமானிகளால் (வாசிப்புப் பிசகு ±0.5 பாகை செல்சியஸ்) காலை 10.00 முதல் பிற்பகல் 2.00 வரை 30 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கப்பட்டது. இரண்டும் 29.0 பாகையில் தொடங்கின. தகரக் கூரைப் பெட்டியில் 2.00 மணிக்கு 41.5 பாகை பதிவானது, உயர்வு 12.5 பாகை. ஓட்டுக் கூரைப் பெட்டியில் அதே நேரத்தில் 36.0 பாகை, உயர்வு 7.0 பாகை. மேகம் மூடிய 12.30 மணி வாசிப்பில் தகரக் கூரைப் பெட்டி 38.5இலிருந்து 37.0 பாகைக்கு இறங்கியது. ஓட்டுக் கூரைப் பெட்டியில் மாற்றம் காணப்படவில்லை."

மேகம் மூடியதைச் சொல்லும் அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை, "ஒழுங்கைக் கெடுக்கின்றன" என்று பலர் நீக்கிவிடுவார்கள். நீக்காதீர்கள். மெல்லிய தகடு வெப்பத்தை அதிகம் சேமிக்காது, வெயில் நின்றதும் விரைவாகக் குளிரும். கனமான ஓடு தாமதமாகச் சூடேறித் தாமதமாகவே குளிரும். இரு கூரைகளும் வெயிலுக்கு எவ்வளவு விரைவாக ஈடுகொடுக்கின்றன என்பது இந்த அறிக்கையில் அந்த இரண்டு வாக்கியங்களில்தான் தெரிகிறது. ஆனால் அந்த 1.5 பாகை இறக்கம், ±1 பாகைப் பிசகைக் கொஞ்சம்தான் மிஞ்சுகிறது. அடுத்த முறை 12 மணியிலிருந்து 5 நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு எடுங்கள். மேகம் வந்துபோன நேரத்தையும் அட்டவணையில் தனிப் பத்தியாகக் குறியுங்கள்.